செய்த வேலையை ஊரறியச் சொல்லுதல்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற ஒன்றிய அளவிலான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



பொதுப் பணிகளைப் பற்றியும் சமூக சேவைகளைப் பற்றியும் ஊராருக்கு ஊராட்சி எவ்வாறு தெரிவிக்க வேண்டும் என்பது குறித்துப் பேசும்படி இம்முகாமை நடத்துவோர் என்னைப் பணித்திருக்கிறார்கள். இஃது ஒரு சிறிய விஷயம், காகிதத்தோடு முடிந்துவிடும் விஷயம் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். சாலை போடுவது வேலை, குழாய் பதிப்பது வேலை. அதைப் பற்றிப் பேசுவதும் ஒரு வேலையா என்று கேட்கலாம். ஊராட்சிகளை நாள்தோறும் பார்த்துவரும் எனக்கோ, பாதி வேலைகள் கெட்டுப்போவது சிமெண்டு குறைவதால் அன்று, செய்தி குறைவதால்தான் என்றே தோன்றுகிறது. தண்ணீர் எப்பொழுது வரும் என்பது தெரியாத ஊரில், குழாய் இருந்தும் பெண்கள் காலை முழுவதும் காத்துக் கிடக்கிறார்கள். பணம் எதில் செலவாயிற்று என்பது தெரியாத ஊரில், வீட்டுவரி கேட்டு வருகிறவருக்கு முன்பாகக் கதவு சாத்தப்படுகிறது.

கணக்குச் சொல்லும் கடமை நமக்குப் புதிதாக வந்ததன்று. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையைப் பற்றி எல்லாப் பள்ளிப் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள். அவற்றிலேயே சொல்லப்பட்டுள்ள மற்றொரு விதியைத்தான் நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு மீண்டும் வாரியத்தில் இடமில்லை. அவன் நெருங்கிய உறவினர்க்கும் இடமில்லை. ஏரி வாரியம் என்று தனியே ஒன்று வைத்து ஏரியைக் காத்த மக்கள், ஏரிக்கரை உடைவதைப் போன்ற ஆபத்தாகவே கணக்கு மறைவதையும் கருதியிருக்கிறார்கள்.

நம் காலத்துச் சட்டமும் அதையேதான் வேறு சொற்களில் கூறுகிறது. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியதும், 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்ததும் நம் முந்திய தலைமுறையினர் கண்டவை. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டே தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. அதில் கிராம சபைக்கு இடப்பட்ட கடமைகள் கிராமத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தல், வரவுசெலவுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தல், தணிக்கை அறிக்கையை ஏற்றல், நடைபெறும் பணிகளின் முன்னேற்றத்தை ஆராய்தல் என்பன. ஆராய வேண்டுமானால் முதலில் தெரிய வேண்டுமன்றோ? முன்னர் ஆண்டுக்கு நான்கு முறை கூடிய கிராம சபை, 2022ஆம் ஆண்டு முதல் ஆறு முறை கூட வேண்டும் என்று ஆக்கப்பட்டது. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாளாகிய மார்ச் 22, மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி, உள்ளாட்சி நாளாகிய நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களை நீங்கள் அறிவீர்கள்.

ஆறு முறை கூடுகிறோம். ஆயினும் ஊருக்குச் செய்தி சேர்கிறதா? பல கூட்டங்களில் நான் கண்டதைச் சொல்கிறேன். ஊராட்சிச் செயலர் எழுந்து, "குடிநீர்ப் பணி ஒன்று, மதிப்பீடு இத்தனை லட்சம், முடிவுற்றது, தெருவிளக்குப் பணி ஒன்று, முடிவுற்றது" என்று மூச்சு விடாமல் படிக்கிறார். கூடியிருப்போர் தலையசைக்கிறார்கள். பதிவேட்டில் கையொப்பம் வாங்குவது மாத்திரம் மிகுந்த அக்கறையோடு நடைபெறுகிறது. மக்கள்தொகை 500க்கு உட்பட்ட ஊராட்சியில் 50 பேர், 3,000 வரையில் 100 பேர், 10,000 வரையில் 200 பேர், அதற்கு மேல் 300 பேர் என்று குறைவெண் வரம்பு இருப்பதால், தலைகளை எண்ணுவதிலேயே நம் கவனம் போய்விடுகிறது. படித்ததைக் கேட்டு வீடு திரும்பிய ஒருவரை வழியில் நிறுத்தி, "எந்தத் தெருவில் குழாய் போட்டார்களாம்?" என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாது. தொகையைச் சொன்னோம், தெருவைச் சொல்லவில்லை.

ஆகவே, எதைச் சொல்ல வேண்டும் என்பதைக் குடிநீரை வைத்தே விரிவாகக் கூற விரும்புகிறேன். மற்றப் பணிகளுக்கும் அதே முறை பொருந்தும். தண்ணீரில்தான் உயிர் இருக்கிறது.

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுப்படி, கிராமத்தில் ஆள் ஒன்றுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் சேர வேண்டும். 1,200 பேர் வாழும் ஒரு குக்கிராமத்தை எடுத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 66,000 லிட்டர் வேண்டும். அங்குள்ள மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளும் என்றால், இருமுறை நிரப்பினாலும் 6,000 லிட்டர் குறைகிறது. அதாவது மூன்றாம் முறையும் சிறிது நேரம் மோட்டார் ஓட வேண்டும். இந்தக் கணக்கை ஊராரிடம் கூறினால், கடைக்கோடித் தெருவுக்கு ஏன் தண்ணீர் எட்டவில்லை என்பது அவர்களுக்கே விளங்கும். விளங்கிய பிறகு, "தலைவருக்கு எங்கள் தெருமீது வெறுப்பு" என்ற பேச்சுக்கு இடமிராது. "மின்சாரம் எத்தனை மணி நேரம் இருக்கிறது, தொட்டி இயக்குபவர் எத்தனை முறை ஏற்றுகிறார்" என்ற பேச்சு எழும். முதற் பேச்சால் பகை வளரும். இரண்டாவது பேச்சால் வேலை நடக்கும்.

முன்பு தெருக்குழாய் இருந்த காலத்தில், அதுவே ஊரின் செய்தி நிலையமாக இருந்தது. நாளைக்கு மோட்டார் ஓடாது, தொட்டி கழுவுகிறார்கள் என்று குடம் வைத்திருந்த தாய்மார்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இப்பொழுது வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டது. அதனால் வந்த சௌகரியம் பெரிது. தண்ணீர் சுமந்து இடுப்பொடிந்த தலைமுறை ஒன்றை நான் அறிவேன். ஆனால் செய்தி பரவும் இடம் ஒன்று மறைந்துபோயிற்று என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். இன்று தண்ணீர் வராவிட்டால் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுக்குள்ளேயே குறைபட்டுக்கொள்கிறார்கள். அந்தக் குறையை நிறைவு செய்ய வேண்டியது ஊராட்சியின் பொறுப்பு.

தண்ணீரின் அளவைக் காட்டிலும் அதன் தூய்மை பற்றிச் சொல்வதில்தான் நாம் மிகவும் தயங்குகிறோம். என் பணிக்காலத்தில் ஓர் ஊரில் நிகழ்ந்ததைக் கூறுகிறேன். ஊரின் பெயர் வேண்டாம். புதிய தொட்டி கட்டி, பிளீச்சிங் பவுடர் முறையாகக் கலந்து தண்ணீர் விட்டார்கள். மருந்து வாடை அடிக்கிறது, இதைக் குடித்தால் குடல் வெந்துவிடும் என்று யாரோ சொல்ல, அது ஊர் முழுவதும் பரவியது. தொட்டி இயக்குபவர் சாதுவான மனிதர். நாள்தோறும் வசவு கேட்க அவரால் முடியவில்லை. தூளைப் பாதியாகக் குறைத்தார். பின்பு கலப்பதையே விட்டுவிட்டார். வாடை நின்றது, வசவும் நின்றது. மழைக்காலம் வந்ததும் ஒரே தெருவில் பல வீடுகளில் வயிற்றுப்போக்கு கண்டது. குழந்தைகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

தோண்டிப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. அத்தெருவின் குழாய் சாக்கடையை ஒட்டிச் செல்கிறது. ஓர் இணைப்பில் கசிவு. அத்துடன், நான்கு வீடுகளில் குழாயோடு நேரே மின்மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சியிருந்தார்கள். தண்ணீர் அழுத்தத்தோடு வரும்பொழுது கசிவின் வழியே நீர் வெளியே போகும். மோட்டார் வைத்து உறிஞ்சும்பொழுதோ, குழாயில் அழுத்தம் இழந்து, வெளியிலுள்ள சாக்கடை நீர் அதே ஓட்டையின் வழியாக உள்ளே வரும். தொட்டியில் குளோரின் இருந்திருந்தால் ஓரளவாவது காத்திருக்கும். அதையும் நிறுத்தியாயிற்று. கசிவும், மோட்டாரும், தூள் நின்றதும் ஆகிய மூன்றும் சேர்ந்தன. இதில் தொட்டி இயக்குபவரை மட்டும் குற்றம் கூறுவது நியாயமாகாது என்பது என் கருத்து. அந்தத் தூள் எதற்கு என்று ஊரில் ஒருவருக்கும் எடுத்துரைக்காமல், வசவுக்கு முன்னே அவரைத் தனியே நிறுத்தியவர்கள் பலர்.

எடுத்துரைப்பது கடினமன்று. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 4 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு ஒரு முறைக்கு 120 கிராம். ஒரு வாளியில் சிறிது நீர் விட்டுக் களிபோல் குழைத்து, பின் வாளி நிறைய நீர் விட்டுக் கலக்கித் தெளியவிட வேண்டும். அடியில் தங்கும் சுண்ணாம்பை விட்டுவிட்டு மேலே தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரைமணி நேரமேனும் கழிந்த பிறகே வால்வைத் திறக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் தண்ணீர் பாதுகாப்பாக வந்து சேர்ந்தது என்று கொள்ளலாம். குளோரோஸ்கோப் என்னும் சிறிய கருவியில் அந்த நீரை எடுத்து இரு சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் தோன்றும். நிறத்தை அட்டையோடு ஒப்பிட எழுத்தறிவுகூட வேண்டுவதில்லை. வாடையைப் பொறுக்காதவர்கள் குடத்தில் பிடித்து, மேலே துணி மூடிச் சிறிது நேரம் வைத்திருந்தால் வாடை தணிந்துவிடும்.

நான் சொன்ன ஊரில் பின்னர் இதைத்தான் செய்தார்கள். கடைக்கோடி வீட்டுத் திண்ணையில் வைத்து, அத்தெருப் பெண்களையே சோதனை செய்யச் சொன்னார்கள். ஒரு மூதாட்டி, "மஞ்சள் வராவிட்டால் யாரைப் பிடிப்பது?" என்று கேட்டார். அந்த ஆண்டு அவ்வூரில் எழுந்த கேள்விகளில் அதுவே சிறந்தது என்பேன். அன்று முதல் தொட்டித் தூணில் இயக்குபவரின் பெயரும், தொட்டி கழுவிய நாளும், அடுத்துக் கழுவும் நாளும் எழுதப்பட்டு வருகின்றன. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை கழுவ வேண்டும் என்பது ஏட்டில் இருக்கும்வரை நடப்பதில்லை. தூணில் எழுதினால் நடக்கிறது.

உறுப்பினர்களுக்கு இன்னொரு கணக்கும் சொல்கிறேன். நாளுக்கு இருமுறை நிரம்பும் அத்தகைய தொட்டிக்கு ஒரு நாளைக்கு 240 கிராம் தூள் ஆகும். 25 கிலோ மூட்டை நூறு நாட்களுக்குச் சற்று மேல் வரும். ஒரு மூட்டை ஓராண்டு வந்திருக்கிறது என்று இருப்புப் பதிவேடு கூறினால், சிக்கனம் என்று மகிழ வேண்டாம். தண்ணீரில் தூள் விழவில்லை என்பதே அதன் பொருள். ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது என்றால் மூட்டை வேறெங்கோ போயிருக்கிறது. மேலும், வாய் திறந்து ஈரத்திலும் வெயிலிலும் கிடக்கும் தூள் வீரியம் இழந்துவிடும். மூட்டையை இறுகக் கட்டி, உலர்ந்த நிழலான இடத்தில் வைப்பதையும் பாருங்கள்.

வீட்டில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது பற்றியும் ஒரு சொல். இதைக் கிராம சபையில் பேசத் தலைவர்கள் அஞ்சுகிறார்கள். மோட்டார் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் செல்வாக்குள்ளவர்கள். பெயரைச் சொல்ல வேண்டாம். ஒரு குழாயைத் திறந்துவிட்டு நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் இரண்டு மணி நேரம் ஓடவிட்டால் 1,200 லிட்டர் போகும். அஃது ஏறக்குறைய இருபத்திரண்டு பேருக்குரிய ஒரு நாள் பங்கு. இந்தக் கணக்கை மாத்திரம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். எவர் வீட்டில் மோட்டார் இருக்கிறது என்பது ஊருக்குத் தெரியும்.

சாலை, வடிகால், தெருவிளக்கு ஆகியவற்றுக்கு வருகிறேன். இவற்றில் நீண்ட பேச்சு வேண்டியதில்லை. கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியவுடன் நாளைக்கே கல் வந்து இறங்கும் என்று மக்கள் எதிர்பார்க்கிறார்கள். மதிப்பீடு தயாரிக்க வேண்டும், நிர்வாக ஒப்புதலும் தொழில்நுட்ப ஒப்புதலும் பெற வேண்டும், 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும், வேலை உத்தரவு வழங்க வேண்டும். வேலை முடிந்தால் ஒன்றியப் பொறியாளர் அளந்து அளவுப் புத்தகத்தில் பதிந்த பின்னரே பணம் வழங்கப்படும். இவற்றுள் எந்தப் படியில் வேலை நிற்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே வரியில் சொல்லிவிட்டால் போதும். "நடவடிக்கையில் உள்ளது" என்ற சொற்றொடரை மட்டும் தயவுசெய்து உபயோகிக்காதீர்கள். அதற்கு அலுவலகத்தில் ஒரு பொருளும், ஊரில் வேறொரு பொருளும் உண்டு.

பணி விவரப் பலகை வேலை தொடங்கும் நாளிலேயே நடப்பட வேண்டும். முடிந்த பிறகு, புகைப்படம் எடுப்பதற்கென்று நடப்படும் பலகைகளை நான் கண்டிருக்கிறேன். அவற்றின் சிமெண்டு மேடை சாலையைக் காட்டிலும் உறுதியாக இருக்கும்! சாலையின் நீளம், அகலம், கனம், மதிப்பு, முடிக்க வேண்டிய நாள் ஆகியவை தொடக்கத்திலேயே தெரிந்தால், அத்தெரு இளைஞன் ஒருவன் நாடா பிடித்து அளந்து பார்ப்பான். கான்கிரீட் போட்ட பிறகு பதினான்கு நாட்களேனும் நனைத்து வைத்தால் நல்லது என்று தெரிந்த வீட்டுக்காரம்மாள், ஒப்பந்தக்காரரின் ஆள் வராத நாளில் தாமே ஒரு குடம் நீர் ஊற்றுவார். மேற்பார்வைக்கு ஒன்றியத்தில் இருக்கும் ஆட்கள் சிலர். தெருவில் இருக்கும் கண்கள் பல.

வெற்றியடைந்த பணிகளைச் சொல்வது எளிது. தோல்வியடைந்தவற்றையும் சொல்ல வேண்டும் என்பதை வற்புறுத்தவே நான் இன்று முக்கியமாக வந்திருக்கிறேன். ஊராட்சி ஓர் ஆழ்துளைக் கிணறு தோண்டுகிறது, நீர் கிடைக்கவில்லை. பணம் வீணாயிற்று என்று எதிரணியினர் பேசுவார்களே என்று அஞ்சி, அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. குழி அப்படியே கிடக்கிறது, செடி மூடிவிடுகிறது. விவசாய நிலங்களிலும் இவ்வாறே கைவிடப்பட்ட குழிகள் இருக்கின்றன. 2019ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் திருச்சிராப்பள்ளி மாவட்டம் நடுக்காட்டுப்பட்டியில், கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணற்றில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று விழுந்து, நான்கு நாட்கள் நாடே கண் விழித்திருந்தும் உயிரோடு மீட்கப்படவில்லை. அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 2010இல், இத்தகைய கிணறுகளை மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் நெறிமுறைகள் வகுத்துத் தந்திருந்தது. நெறிமுறை இல்லாத குறையன்று அது. குழி இருக்கும் இடம் பொதுவில் சொல்லப்படாத குறை.

ஆகவே ஒவ்வொரு கிராம சபையிலும், "நம் எல்லைக்குள் நீர் வராத கிணறுகள் எங்கெங்கே உள்ளன? அவை மூடப்பட்டனவா?" என்ற கேள்வி ஒரு பொருளாக இருக்க வேண்டும். விவசாயிகளே, உங்கள் நிலத்தில் கிணறு தோண்ட ஊராட்சியின் அனுமதி பெறுவது ஒரு தொல்லை என்று கருதாதீர்கள். எங்கே குழி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிவதற்கான வழி அது. நீர் கிடைக்காவிட்டால், அடி முதல் தரைமட்டம் வரை மண்ணும் கல்லும் இட்டு நிரப்புங்கள். அல்லது பொறியாளரைக் கேட்டு, மழைநீர் உள்ளே இறங்கும் அமைப்பாக முறையாக மாற்றுங்கள். வாய்க்கு ஒரு சாக்கைக் கட்டி வைப்பது மூடுவது ஆகாது.

விவசாயிகளைப் பற்றிப் பேசும்பொழுது ஏரி, கண்மாய்களைப் பற்றிப் பேசாதிருக்க இயலாது. நம் மாநிலத்தில் சற்றேறக்குறைய 39,000 ஏரி, கண்மாய்கள் உண்டு. 40 ஹெக்டேருக்குக் குறைந்த பாசனப் பரப்பு உடையவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பில் இருக்கின்றன. பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ளன. இந்த வேறுபாடு தெரியாமல், மடை அடைத்துக்கொண்டது என்று மனு எழுதி, பொருந்தாத அலுவலகத்துக்கு அனுப்பி, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் பெற்றுக்கொண்டு அலைகிற விவசாயிகள் பலர். உங்கள் ஊர்க் கண்மாய் யார் பொறுப்பில் உள்ளது, அதற்கு எத்தனை மடை, கலிங்கு எந்தப் பக்கம், வரத்துக்கால்வாய் எந்தெந்த ஊர்களின் வழியே வருகிறது என்பவற்றை ஊராட்சிச் சுவரில் எழுதி வைத்தால் என்ன? கால்வாயில் வேலி போட்டவரும் அதே சுவரைத்தான் கடந்து போக வேண்டும்.

2024ஆம் ஆண்டில், ஏரி, கண்மாய்களின் வண்டல் மண்ணை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி பெறலாம் என்று ஏற்பாடு செய்யப்பட்டது. நல்ல ஏற்பாடு. செய்தி தெரிந்த சிலர் முதலில் டிராக்டரோடு சென்றார்கள். தெரியாத சிறு விவசாயி, கரையில் நின்று பார்த்தார். அரசு எல்லோருக்கும் கொடுத்த ஒன்று, தெரிந்தவருக்கு மட்டும் கிடைத்துவிட்டால் அதைச் சலுகை என்று ஊர் பேசும். எந்தக் கண்மாயில், எந்தப் பகுதியில், எவ்வளவு ஆழம் வரை எடுக்கலாம் என்பதையும், கரையை ஒட்டித் தோண்டக்கூடாது என்பதையும் சேர்த்தே அறிவியுங்கள். பாதிச் செய்தி சொன்னால் பாதிக் கரை போய்விடும்.

இனி, எப்படிச் சொல்வது? முன்காலத்தில் தண்டோரா போட்டார்கள். அதைச் செய்தவரைத் தாழ்வாக நடத்தும் வழக்கம் அதோடு ஒட்டியிருந்ததால், 2022ஆம் ஆண்டில் அரசு அதை விலக்கி, ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கச் சொல்லியது. சரியான முடிவு. இன்று பல ஊராட்சிகளில் கைப்பேசியில் வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் அக்குழுவில் இருப்போரை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் இளைஞர்கள். குழாயடியில் நிற்பவரும், முதியோர் உதவித்தொகைக்குக் காத்திருப்பவரும் அதில் இல்லை. மேலும், காலை வணக்கப் படங்கள் நூற்றுக்கு நடுவே, நாளை தண்ணீர் வராது என்ற ஒரு வரி புதைந்துபோகிறது. ஆகவே ஒலிபெருக்கியும் வேண்டும், சுவரும் வேண்டும், மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமும் வேண்டும். சுவரில் எழுதுவதைப் பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாத கிழவருக்கும் தெரியும்படி எழுதுங்கள். எட்டாத உயரத்தில் எழுதி, பின் அதன்மேல் சுவரொட்டி ஒட்ட இடம் கொடுத்துவிடாதீர்கள்.

தாய்மார்கள் கிராம சபைக்கு வருவதில்லை என்று தலைவர்கள் முறையிடுகிறார்கள். எத்தனை மணிக்குக் கூட்டுகிறீர்கள்? பதினொரு மணிக்கு. நடவும் களையும் நடக்கும் காலத்தில் பதினொரு மணிக்கு எந்தப் பெண் வர முடியும்? கூட்டத்துக்கு முந்திய வாரத்தில், வார்டு உறுப்பினர் தம் தெருவில் மாலை வேளையில் அரைமணி நேரம் உட்கார்ந்து, இன்னின்ன வேலை நடந்தது, இன்னின்னது நடக்கவில்லை, எங்கே குறை என்று கேட்டு எழுதிக்கொண்டு வரட்டும். கிராம சபையில் அவர் அதைப் படித்தால், வராதவர்களின் குரலும் கேட்டதாகும்.

பணக் கணக்கைப் பற்றிச் சிறிது கூறி முடிக்கிறேன். 2021-22 முதல் 2025-26 முடிய ஐந்தாண்டுகளுக்குப் பதினைந்தாவது நிதிக்குழு ஊரக உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைத்த மானியத்தில், நூற்றுக்கு அறுபது பங்கு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே வரையறுக்கப்பட்டது. மற்ற நாற்பது பங்கு உள்ளூர்த் தேவைக்கு விடப்பட்டது. "இத்தனை லட்சம் வந்ததே, எங்கள் தெருவுக்கு ஏன் சாலை இல்லை?" என்று கேட்பவருக்கு இந்தப் பிரிவினை தெரியாது, அவர்மீது கோபிப்பதில் பயனில்லை. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24இல் தொடங்கப்பட்ட ஈ-கிராம சுவராஜ் இணையதளத்தில் ஊராட்சியின் திட்டமும் செலவும் வெளியிடப்படுகின்றன. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த கல்லூரி மாணவன் உங்கள் ஊரிலேயே இருப்பான். அவன் பார்த்துவந்து கேட்கும் முன்பாக நீங்களே சொல்லிவிடுவது கௌரவம்.

வீட்டுவரியும் குடிநீர்க் கட்டணமும் வசூலாகவில்லை என்பது எல்லா ஊராட்சிகளின் ஏக்கம். வசூலான தொகை எதற்குப் போனது என்று ரசீது கொடுக்கும்பொழுதே கூறுங்கள். மோட்டாரின் மின் கட்டணம் இவ்வளவு, கூட்டுக்குடிநீருக்குச் செலுத்தியது இவ்வளவு, எரிந்துபோன மோட்டாரைச் சுற்றிக் கட்டியது இவ்வளவு என்று ஒரு துண்டுத் தாளில் அச்சிட்டு ரசீதோடு கொடுத்தால் அதிகச் செலவாகாது. நம் விவசாயி கணக்குப் பார்க்கத் தெரியாதவர் அல்லர். ஒரு மூட்டை உரத்துக்கும் ஓர் ஆள் கூலிக்கும் மனக்கணக்குப் போடுகிறவர், ஊர்த் தண்ணீருக்கு என்ன செலவாகிறது என்று தெரிந்தால் நியாயத்தை மறுக்க மாட்டார். மறுக்கிறவர் எந்த ஊரிலும் சிலர் இருப்பர்; அவர்களைப் பற்றி இன்று பேச வேண்டியதில்லை.

சென்ற வாரம் அனுப்பிய சுற்றறிக்கையில், ஒவ்வோர் ஊராட்சியிலிருந்தும் கடைசி வீட்டுக் குழாயில் இன்று காலை பிடித்த தண்ணீரை ஒரு குப்பியில் கொண்டுவரும்படி கேட்டிருந்தேன். கொண்டுவந்திருப்பவர்கள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேடைக்கு இடப்புறமுள்ள மேசைக்கு வாருங்கள். குளோரோஸ்கோப் அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. சோதனையை நீங்களே செய்யலாம். குப்பியின்மீது ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் எழுத மறந்தவர்கள், உணவுக்குப் போகும் முன்பாக எழுதிவிடுங்கள். தொட்டி இயக்குபவர்கள் தங்கள் பதிவேட்டையும் உடன் கொண்டு வரவும். மஞ்சள் நிறம் தோன்றாத குப்பிகளுக்குரிய ஊர்களுக்கு உதவிப் பொறியாளரும் நானும் இந்த வாரத்துக்குள்ளேயே வருகிறோம். எந்த நாள் எந்த ஊர் என்பதை மாலையில் ஒன்றிய அலுவலகப் பலகையில் எழுதிவிடுவோம்.